அஞ்சல்தலையில் சிற்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லிலும் செம்பிலும் வடித்த பழஞ்சிற்பங்கள் இந்திய அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற வரலாற்றைப் பற்றிப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. 1949-ஆம் ஆண்டின் தொல்லியல் வரிசைக்கே இதில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். சிற்பத்தைத் தாளில் அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை எவை, தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த வரிசையைப் போல் வேறெதுவும் காட்டுவதில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் அஞ்சல்தலையில் முதலில் இடம்பெற்ற சிற்பம் எது?

சாரநாத்தில் அசோகர் தூணின் உச்சியில் இருந்த சிங்கத் தலைப்பகுதி. 1947 நவம்பர் 21 அன்று தேசியக் கொடி பொறித்த மூன்றரையணா அஞ்சல்தலை வெளிவந்தது. அதைத் தொடர்ந்து டிசம்பர் 15 அன்று வெளிவந்த ஒன்றரையணா அஞ்சல்தலையில் அசோகர் தூணின் சிங்கங்கள் இருந்தன. அந்தத் தலைப்பகுதி நாட்டின் அரசுச் சின்னமாக முறைப்படி ஏற்கப்பட்டது 1950 ஜனவரி 26-இல்தான். அதாவது சின்னமாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது கடித உறைகளின் மேல் ஊர் ஊராகச் சென்றுவிட்டது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சிற்பம் 1904-05-இல் நடந்த அகழாய்வில் கிடைத்தது; இன்று சாரநாத் அருங்காட்சியகத்தில் உள்ளது. நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மூன்றுதான் கண்ணில் படும். அவற்றின் காலடியில் உள்ள வட்டப் பீடத்தில் யானை, குதிரை, எருது, சிங்கம் ஆகிய நான்கும் சக்கரங்களுக்கு இடையே நடந்து செல்கின்றன. அஞ்சல்தலையை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் அந்தப் பீடத்தையே முதலில் பாருங்கள். அச்சு எவ்வளவு துல்லியமானது என்பதை அந்தச் சிறு விலங்குகள் சொல்லிவிடும்.

அதற்கு முன் கோயில்களோ சிற்பங்களோ அஞ்சல்தலையில் வரவே இல்லையா?

கோயில்கள் வந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆட்சிக்கு வந்ததன் வெள்ளி விழாவுக்காக 1935-இல் வெளியிட்ட ஏழு அஞ்சல்தலைகளில் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா, கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகம், கொல்கத்தாவின் சமணக் கோயில், தாஜ்மகால், அமிர்தசரஸ் பொற்கோயில், அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்த பர்மாவின் மாண்டலே பகோடா ஆகியவற்றோடு நம் இராமேசுவரம் கோயிலும் ஓரணா மதிப்பில் இடம்பெற்றது. ஆனால் ஏழிலுமே மன்னரின் முகமும் சேர்ந்தே அச்சிடப்பட்டிருந்தது. இராமநாதசுவாமி கோயிலைப் பார்க்க வேண்டுமானால் மன்னரையும் பார்த்தாக வேண்டும். 1949-இல் நிகழ்ந்த மாற்றத்தின் கனத்தை உணர இந்த ஓரணா அஞ்சல்தலை (சுருக்கமாகத் ‘தலை’) ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1949-ஆம் ஆண்டின் தொல்லியல் வரிசை என்பது என்ன?

விடுதலையின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளான 1949 ஆகஸ்டு 15 அன்று அன்றாடப் பயன்பாட்டுக்கென்று இந்தியா வெளியிட்ட பதினாறு அஞ்சல்தலைகளின் வரிசை அது. அதுவரை ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்த இடத்தில், இந்த மண்ணின் சிற்பங்களும் கட்டடங்களும் வந்து அமர்ந்தன. நாசிக்கில் உள்ள இந்தியப் பாதுகாப்பு அச்சகம் இவற்றை அச்சிட்டது.

பழைய கணக்கில் மூன்று ‘பை’க்கு (ஓரணாவுக்கு 12 பை), அதாவது காலணாவுக்கு, அஜந்தாவின் யானை, அரையணாவுக்குக் கோனார்க் குதிரை, முக்காலணாவுக்கு எலிபெண்டாக் குகையின் மும்முகச் சிவன், ஓரணாவுக்குப் புத்தராகும் வழியில் உள்ளவரான போதிசத்துவர், இரண்டணாவுக்கு நடராசர். மூன்றணாவிலிருந்து கட்டடங்கள் தொடங்குகின்றன: சாஞ்சித் தூபியின் வாயில், புத்த கயா, புவனேசுவரம், பீஜப்பூரின் கோல் கும்பாஸ், கஜுராஹோவின் கந்தாரிய மகாதேவர் கோயில், பொற்கோயில். ரூபாய் மதிப்புகளில் சித்தூரின் வெற்றித் தூணும் செங்கோட்டையும் தாஜ்மகாலும் குதுப்மினாரும் வருகின்றன. பதினைந்து ரூபாய்க்கு, பாலிதானாவில் சத்ருஞ்சய மலைமேல் உள்ள சமணக் கோயில். பௌத்தம், சமணம், சைவம், சீக்கியம், இசுலாம் என எல்லாச் சமயத்தாரின் கலையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரிவினை நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் இப்படி ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுத்தவர்களின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிற்பங்கள் ஏன் குறைந்த மதிப்புகளில் மட்டும் வருகின்றன? அது அவற்றுக்குக் குறைவில்லையா?

இக்கேள்வியைப் பலர் மனத்தாங்கலோடு கேட்கிறார்கள். என் பார்வையில் அதுவே அவற்றுக்குக் கிடைத்த பெருமை. பதினைந்து ரூபாய் அஞ்சல்தலையைக் கையில் தொட்டவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரிய பொதிகள் அனுப்பும் வணிகர்களும் அலுவலகங்களுமே அதை வாங்கியிருப்பார்கள். காலணா முதல் இரண்டணா வரையிலான தலைகளோ, கல்யாணப் பத்திரிகையிலும் அஞ்சலட்டையிலும் நலம் விசாரிக்கும் கடிதத்திலும் ஒட்டப்பட்டவை. கோனார்க்கையும் எலிபெண்டாவையும் வாழ்நாளில் நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவர் தபால்காரர் கொடுத்துச் சென்ற உறையில் அவற்றைப் பார்த்தார். படங்களைப் பார்ப்பது இன்றுபோல் எளிதாக இல்லாத காலத்தில், சிற்பத்தின் படம் கட்டணமில்லாமல் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஓவியக் கணக்கிலும் இது பொருத்தமானது. சிறிய தாளில் ஒரு முழுக் கோபுரத்தை அடக்கினால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். தனி உருவம் ஒன்று அந்த அளவிலும் முகம் தெரிய நிற்கும்.

போதிசத்துவர் ஓரணா அஞ்சல்தலையில் பிழை இருப்பதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

சிற்பம் இடவலமாக மாறி அச்சாகிவிட்டது. 1949-இல் வெளிவந்த ஓரணாத் தலையில் போதிசத்துவரின் இடக்கை நீண்டிருக்கிறது. அது வலக்கையாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் முழு உருவமும் திரும்பிக்கொண்டதே காரணம். தவற்றை உணர்ந்து, உருவத்தைச் சரியான திசைக்குத் திருப்பி 1950 ஜூலை 15 அன்று புதிய ஓரணாத் தலையை வெளியிட்டார்கள். நிறம் அதே பசுநீலம், மதிப்பும் அதேதான்.

அச்சுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது எப்படி நேரும் என்பது எளிதில் புரியும். நேரடியாகத் தாளில் பதியும் அச்சுத் தகட்டில் உருவம் இடவலம் மாறித்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். புகைப்படத்திலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து தகடு என்று போகும் வழியில் ஒரு முறை கூடுதலாகத் திரும்பிவிட்டாலும் உருவம் மாறிவிடும். எழுத்து மாறியிருந்தால் யார் கண்ணுக்கும் உடனே தெரிந்துவிடும். சிற்பத்தின் கை மாறியது, சிற்பத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

இது அற்பப் பிழை அன்று என்பதே என் உறுதியான கருத்து. நம் சிற்ப மரபில் கை என்பது அழகுக்காக வைத்த உறுப்பு அன்று. அதுவே சிற்பம் பேசும் சொல். எந்தக் கை நீண்டிருக்கிறது, உள்ளங்கை எத்திசை நோக்கியிருக்கிறது, விரல்கள் எப்படி வளைந்திருக்கின்றன என்பதை வைத்தே அந்த உருவம் அருள்கிறதா, அஞ்சேல் என்கிறதா, போதிக்கிறதா என்று தெரிந்துகொள்கிறோம். வீட்டில் குழந்தை இடக்கையால் எதையாவது நீட்டினால் ‘வலது கையால் கொடு’ என்று திருத்துகிற நமக்கு, இடக்கை நீட்டிய போதிசத்துவர் எவ்வளவு பொருந்தாதவர் என்பதை விளக்க வேண்டியதில்லை. பதினொரு மாதத்துக்குள் அதைத் திருத்தி வெளியிட்டது அஞ்சல்துறைக்குப் பெருமை சேர்க்கும் செயல்.

அப்படியானால் பிழையுள்ள தலை அரிதானதா? விலை அதிகமா?

இல்லை. அது திரும்பப் பெற்று அழிக்கப்பட்ட அச்சு அன்று. பதினொரு மாதம் நாடு முழுவதும் புழங்கியது. ‘பிழை அஞ்சல்தலை’ என்ற பெயரைச் சொல்லிப் பெருந்தொகை கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். இரண்டையும் வாங்கி ஒரே பக்கத்தில் அருகருகே வைப்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. என் ஏட்டில் அவ்விரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. சேகரிப்பைப் பார்க்க வருபவரிடம் எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்; வித்தியாசத்தைத் தாமே கண்டுபிடித்தவர்கள் அதன்பிறகு மற்றத் தலைகளிலும் கைகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டணா நடராசரில் எதைக் கவனிக்க வேண்டும்?

அது செம்மை நிறத்தில் அச்சிட்ட தலை. கைகளிலிருந்து தொடங்குங்கள். மேல் வலக்கையில் உடுக்கை. மேல் இடக்கையில் தீ. முன் வலக்கை ‘அஞ்சேல்’ என்று நிமிர்ந்திருக்க, முன் இடக்கை யானையின் துதிக்கைபோல் உடலின் குறுக்கே வளைந்து, தூக்கிய இடத் திருவடியைச் சுட்டுகிறது. ஊன்றிய வலக்காலின் அடியில் முயலகன் கிடக்கிறான். சுற்றிலும் சுடர்விடும் திருவாசி. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் இந்த ஓருருவில் அடங்கியிருப்பதாகச் சைவர்கள் போற்றுவார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் முழுமை பெற்ற இந்த வடிவம், தமிழகத்திலிருந்து அந்த வரிசைக்குச் சென்ற ஒரே சிற்ப வடிவம்.

செப்புத் திருமேனி கல்லைப் போன்றதன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி வார்க்கிறார்கள். சுவாமிமலையில் இன்றும் இந்த வார்ப்பு நடைபெறுகிறது. வார்த்தபின் களிமண் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு அச்சில் ஒரு திருமேனிதான் பிறக்கும். அப்படி இரண்டாவது படி இல்லாத கலைவடிவம் ஒன்று, எண்ணற்ற படிகளாகப் பெருகும் அஞ்சல்தலையில் ஏறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

போதிசத்துவர்போல் நடராசரும் இடவலம் மாறியிருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

தமிழர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் அவர்களிலும் மதுரைக்காரர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். தில்லையில் இடக்காலைத் தூக்கி ஆடும் கூத்தன், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கி ஆடுகிறான். ஒரே காலில் நின்று ஆடும் இறைவனுக்குக் கால் வலிக்குமே என்று பாண்டிய மன்னன் உருகி வேண்டிக்கொள்ள, அவன் பொருட்டுக் கால் மாறி ஆடியதாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. ஆகவே இடவலம் மாறிய நடராசர் என்பது நம்மிடையே அச்சுப் பிழையாக மட்டும் இருக்க முடியாது. அது வேறொரு தலத்தின் திருமேனியாகவே பொருள்பட்டுவிடும். ஒரு சிற்பத்தைத் திருப்பி அச்சிட்டால் ஊரே மாறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முக்காலணாத் தலையில் இருப்பது ‘திரிமூர்த்தி’யா?

அஞ்சல்தலைப் பட்டியல்களில் அப்பெயரே வழங்குகிறது. ஆனால் மும்பைக்கு அருகே எலிபெண்டாத் தீவின் குகையில் உள்ள அந்தப் பேருருவம், பிரமன், திருமால், சிவன் ஆகிய மூவரைச் சேர்த்துக் காட்டுவது அன்று. மூன்று முகமும் சிவனுடையவையே என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். நடுவே அமைதியில் ஆழ்ந்த முகம். பார்ப்பவருக்கு இடப்புறம் சினம் கொண்ட அகோர முகம். வலப்புறம் மென்மையான பெண்மைச் சாயல் கொண்ட வாமதேவ முகம். இதைச் சதாசிவ மூர்த்தி என்று குறிப்பதே சரி. உங்கள் ஏட்டில் குறிப்பு எழுதும்போது பட்டியலில் உள்ள பெயரையும் எழுதி, அருகில் இதையும் எழுதி வையுங்கள்.

கோனார்க் குதிரையும் கோனார்க் யானையும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா?

அல்ல. குதிரை 1949 வரிசையின் அரையணாத் தலையில் உள்ளது. யானை 1965-இல் தொடங்கிய வரிசையின் ஆறு பைசாத் தலையில் உள்ளது. இரண்டும் ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயிலில், 13-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் காலத்தில் வடிக்கப்பட்டவை. போர்க்குதிரைகள் தென்புறத்திலும் யானைகள் வடபுறத்திலும் நிற்கின்றன.

இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு. குதிரை அஞ்சல்தலையின் மதிப்பும் ‘ஆறு’, யானை அஞ்சல்தலையின் மதிப்பும் ‘ஆறு’. முன்னதில் உள்ளது ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 192 பை என்ற பழைய கணக்கு. பின்னதில் உள்ளது 1957 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த, ரூபாய்க்கு 100 பைசா என்ற புதிய கணக்கு.

1965 வரிசையில் வேறு சிற்பங்கள் உண்டா?

உண்டு. அணைக்கட்டு, அணு உலை, மின்சார ரயில் எஞ்சின் என்று புதிய இந்தியாவைக் காட்டிய அந்த வரிசையில் எழுபது பைசாவுக்கு ஹம்பியின் கல்தேர் வந்தது. விட்டலர் கோயில் முற்றத்தில் தேர் வடிவில் கட்டிய கருடன் சந்நிதி அது. இன்றைய ஐம்பது ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் அதையே காண்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒரு ரூபாய்த் தலை. கடிதம் எழுதும் பெண்ணின் இடைக்காலச் சிற்பம் அதில் உள்ளது. கல்லில் அவள் எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் யாருக்கென்று யாரும் சொல்ல முடியாது. முகத்தின் சாய்வும் எழுத்தாணி பிடித்த விரல்களும் அவள் முழு மனத்தோடு எழுதுகிறாள் என்பதை மட்டும் சொல்கின்றன. அஞ்சலுக்கென்றே செதுக்கியதுபோன்ற ஒரு சிற்பம் பல நூற்றாண்டுகள் காத்திருந்து, கடைசியில் கடித உறையின் மூலையில் வந்து அமர்ந்தது. தேர்ந்தெடுத்தவரின் ரசனைக்கு என் வணக்கம்.

அச்சு முறைகளை எப்படிப் பிரித்தறிவது?

1949 வரிசை ஒன்றிலேயே மூன்று முறைகளையும் பார்க்கலாம். இரண்டணா வரையிலானவை மேடான உருவில் மை பூசி அழுத்தும் எழுத்தச்சு முறையிலும், மூன்றணா முதல் பன்னிரண்டணா வரையிலானவை சமதளத் தகட்டிலிருந்து அச்சிடும் லித்தோ முறையிலும், ரூபாய் மதிப்புகள் தகட்டில் பள்ளமாகச் செதுக்கி அச்சிடும் முறையிலும் செய்யப்பட்டவை. எழுத்தச்சில் மை தாளில் சற்றே அழுந்தியிருக்கும். லித்தோவில் பரப்பு முழுவதும் சமமாக இருக்கும். செதுக்கச்சுத் தாளை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மைக்கோடுகள் மேடாக எழுந்து தெரியும்.

நீர்க்குறி என்றால் என்ன? அதற்கும் சிற்பத்துக்கும் என்ன தொடர்பு?

தாள் செய்யும்போதே அதனுள் பதியும் மெல்லிய அடையாளமே நீர்க்குறி; வாட்டர்மார்க் என்றும் சொல்வார்கள். 1949 வரிசையின் தாளில் நட்சத்திரங்கள் பல பதிந்திருக்கும். 1950-களின் இறுதியிலிருந்து வந்த தாளில் அசோகரின் சிங்கத் தலைப்பகுதியே நீர்க்குறியாக அமைந்தது. முன்பக்கம் எந்தப் படம் இருந்தாலும், தலையைக் கருப்புப் பரப்பில் கவிழ்த்து வைத்தோ ஒளிக்கெதிரே பிடித்தோ பார்த்தால் சாரநாத்துச் சிங்கங்கள் தாளுக்குள்ளிருந்து மெல்லத் தெரியும்.

சிற்பங்களை அஞ்சல்தலையில் ஏற்றும் வழக்கத்தில் மற்ற நாடுகள் நமக்கு முந்தியவையா?

கிரேக்கம் வெகுவாக முந்திக்கொண்டது. 1896-இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்காக வெளியிட்ட பன்னிரண்டு தலைகளில் மைரானின் வட்டெறிவோன், பிராக்சிடெலிசின் ஹெர்மிஸ், பயோனியோசின் வெற்றித் தேவதை ஆகியவை உள்ளன. பின்னிரண்டும் ஒலிம்பியாவின் மண்ணிலிருந்து 1870-களில் தோண்டியெடுக்கப்பட்டவை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவை அஞ்சல்தலை ஏறின. வட்டெறிவோனின் மூல வெண்கலச் சிற்பம் அழிந்துவிட்டது. உரோமானியர் செய்த பளிங்குப் படிகள் வழியாகவே அதை உலகம் அறிகிறது. அந்தப் படிகளின் நகலே அஞ்சல்தலையில் இருப்பது.

அண்மைக் காலத்தில் தமிழகத்துக் கலை சார்ந்து வந்தது எது?

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவை ஒட்டி 2010 செப்டம்பரில் ஐந்து ரூபாய் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. சோழர் வரிசை ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் 1949-இன் நடராசரையும் இதையும் இரு முனைகளாக வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவர் எங்கே போக வேண்டும்?

பெரிய தலைமை அஞ்சலகங்களில் சேகரிப்பாளர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ளது. வைப்புக் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீட்டுக்கே வந்துவிடும். பழைய தலைகளுக்கு நம்பகமான விற்பனையாளர்களையும் கண்காட்சிகளையும் நாட வேண்டும். புதுதில்லி டாக் பவனில் தேசிய அஞ்சல்தலை அருங்காட்சியகம் இருக்கிறது.

வீட்டில் பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. உறையிலிருந்து தலைகளைப் பிரித்தெடுக்கலாமா?

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். உறையோடு இருக்கும் தலையில் முத்திரை விழுந்த தேதியும் ஊரும் முழுமையாக இருக்கும். பிரித்துவிட்டால் அந்தச் செய்தி பாதியில் அறுந்துவிடும். குறிப்பாக ஓரணாப் போதிசத்துவர் ஒட்டிய உறை கிடைத்தால் முதலில் அவருடைய கையைப் பாருங்கள். பிறகு முத்திரையின் தேதியைப் பாருங்கள். வலக்கை நீண்டிருந்து, தேதி 1950 ஜூலைக்கு நெருக்கமாகவும் இருந்தால், திருத்திய அச்சு உங்கள் ஊருக்கு எவ்வளவு விரைவில் வந்து சேர்ந்தது என்பதற்கு அந்த உறையே ஆவணம். உறை கிழிந்து காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் மட்டும், தலையைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு வெட்டி, சாதாரணக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்றபின் இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து நிழலில் உலர்த்துங்கள்.